தீக்காவலில் உருவான யந்திரம்

யுத்த காலத்தில் இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காப்பவர்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்? அடுத்த குண்டு எங்கே விழும் என்பதைப் பற்றித்தான் என்று நேயர்கள் நினைக்கலாம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் காவல் இருந்த நால்வரோ, மோட்டார் யந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள்!

1940-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் பொழிந்த குண்டு மாரியில் அந்நகரம் பற்றி எரிந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். அந்த நகரத்தில்தான், பிற்பாடு 'ஜாகுவார்' என்று பெயர் பெற்ற மோட்டார் கம்பெனியின் அதிபர் வில்லியம் லயன்ஸ், தம் எஞ்சினீயர்களான வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகிய மூவரும் தம்முடன் ஒரே சமயத்தில் தீக்காவலுக்கு வரும்படி ஏற்பாடு செய்துகொண்டார்.

லயன்ஸுக்கு ஒரு மனக்குறை. அவருடைய வண்டிகளின் அழகை எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் யந்திரங்களுக்கோ அவர் 'ஸ்டாண்டர்ட்' கம்பெனியைச் சார்ந்திருந்தார். உடல் நம்முடையது, உயிர் பிறருடையது என்றால் யாருக்குத்தான் மனம் ஆறும்?

பெட்ரோல் யந்திரம் மூச்சு விடுவது வால்வுகளின் வழியாக. அக்காலத்துச் சாதாரண வண்டிகளில் வால்வுகளை இயக்கும் 'கேம்' தண்டு யந்திரத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும். அது இடும் கட்டளையை நீண்ட கம்பிகளும் நெம்புகோல்களும் மேலே கொண்டுபோக வேண்டும். வேகம் மிகுந்தால் இந்தத் தூதர்கள் தடுமாறிப் பின்தங்குவார்கள். தண்டையே தலைமேல் ஏற்றிவிட்டால் தூதர்களுக்கு வேலை ஏது? பந்தய வண்டிகளில் முன்பே கையாளப்பட்ட முறைதான் இது. செலவு அதிகம் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். இவர்கள் ஒன்றுக்கு இரண்டு தண்டுகளாக வைத்தார்கள். நாலு ஸிலிண்டர் யந்திரங்களையும் செய்து பார்த்தார்கள். வரிசையாக நின்ற ஆறு ஸிலிண்டர்களிலோ, ஒரு பிஸ்டனின் உதறலை மற்றவை சரிக்கட்டிவிட, ஓட்டம் எண்ணெய் வார்த்தாற்போல் அமைந்தது. அதுவே வென்றது.

1948-ம் வருஷம் லண்டன் மோட்டார் காட்சியில் 'எக்ஸ்.கே. 120' என்ற வண்டியில் அந்த யந்திரம் உலகுக்கு அறிமுகமாயிற்று. கொள்ளளவு 3,442 கன சென்டிமீட்டர். 160 குதிரைச் சக்தி. மணிக்கு 120 மைல் வேகம் என்ற பேச்சைச் சிலர் நம்பவில்லை. மறு வருஷமே பெல்ஜியத்தில் ஒரு நெடுஞ்சாலையில் அந்த வண்டி 132 மைலையும் தாண்டி ஓடி அவர்கள் வாயை அடைத்தது. பிரான்ஸில் நடைபெறும் 'லெ மான்ஸ்' இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்திலும் இதே இன யந்திரம் பூட்டிய வண்டிகள் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து வருஷங்களில் முதலிடம் பெற்றன.

விதியின் விநோதத்தைப் பாருங்கள்! சமாதான காலத்துக்கென்று சிந்தித்த அந்த யந்திரத்தைப் பிற்காலத்தில் 'ஸ்கார்பியன்' என்னும் இராணுவ டாங்கியிலும் பூட்டினார்கள். ஆயினும் அதன் கடைசி உத்தியோகம் கௌரவமானதுதான். 1992-ம் வருஷம் வரையில், மணமக்களும் பிரபுக்களும் பவனி வரும் 'டெய்ம்லர்' பெரு வண்டிகளில் அது சந்தடியின்றி உழைத்தது. ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில் விடியப்போகும் நாளைப் பற்றிப் பேசிய நால்வரின் பேச்சு, நாற்பத்துநாலு வருஷம் வீதிகளில் ஓடியது.