மோதலும் கழுத்தும்
அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய வீரர் எர்னி இர்வான் 1994 ஆகஸ்டு 20-ல், மிச்சிகன் ஓடுதளத்தில் பயிற்சியின்போது சுவரில் மோதினார். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தது. பிழைக்க நூற்றுக்குப் பத்துப் பங்கே வாய்ப்பு என்றனர் மருத்துவர்கள்.

தலை எதிலும் இடிபடாமலேயே இந்த எலும்பு உடையக்கூடும். எவ்வாறு? காரின் வேகத்தில் சுவரை நோக்கிய கூறு நொடிக்கு 20 மீட்டர் என்றும், கார் நசுங்கி அரை மீட்டரில் நிற்கிறது என்றும் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். எதிர்முடுக்கம் 400; அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 40 மடங்கு! இருக்கை வார் உடலைப் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவுமில்லை. கவசத்தோடு 6 கிலோ உள்ள தலை, 240 கிலோ சுமைபோலக் கழுத்தை இழுக்கும்.

இர்வான் பிழைத்தார். 1995 அக்டோபரில் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டி, ஆறாம் இடம் பெற்றார். 1997-ல் அதே மிச்சிகனில் வென்றார். 1999-ல், அதே ஆகஸ்டு 20 அன்று, அங்கேயே மீண்டும் மோதித் தலையில் அடிபட்டு, விரைவில் ஓய்வு பெற்றார்.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. தலைக்கவசத்தைத் தோள்பட்டைக் காலருடன் நாடாக்களால் பிணைக்கும் 'ஹான்ஸ்' சாதனத்தை, அதே மிச்சிகன் மாநிலப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டு 1980-களிலேயே உருவாக்கியிருந்தார். அணிந்தவர் சிலரே. டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரியில் இதே எலும்பு முறிவால் இறந்த பின்னரே, அவ்வாண்டு அக்டோபரில், தலையையும் கழுத்தையும் காக்கும் சாதனத்தை நாஸ்கார் கட்டாயமாக்கியது.