சுட்ட விராலும் சுருங்கும் இடையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைதராபாத்தின் ராம்நகர் மீன் சந்தைக்குள் நுழைகிறவர் எவ்வளவு அவசரக்காரராயினும், தொட்டிகளில் கரிய உடலை வளைத்துப் புரண்டுகொண்டிருக்கும் விரால் மீன்களைக் கண்டதும் சற்றே நின்றுவிடுவார். செவுள்களோடு நேரே காற்றையும் சுவாசிக்கும் உறுப்பு வாய்க்கப் பெற்ற இம்மீன், சொற்பத் தண்ணீரிலும் நெடுநேரம் உயிர் தரித்திருப்பதால், கண்ணெதிரே துள்ளுவதை நிறுத்து வாங்கும் பாக்கியம் இந்நகரவாசிகளுக்குக் கிட்டியிருக்கிறது. தெலுங்கில் கொர்ரமீனு என்பார்கள். தெலங்கானாவின் மாநில மீன் என்ற கௌரவமும் இதற்கு உண்டு.

அவ்வளவு கௌரவம் பெற்ற மீன் உணவு விடுதிகளில் அடையும் கதியைப் பாருங்கள். முள் நீங்கி, முட்டையும் மக்காச்சோள மாவும் பூசப்பெற்று, கொதிக்கும் எண்ணெயில் முங்கி எழுந்து, பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சூழ, ‘அப்போலோ ஃபிஷ்’ என்ற நாமகரணத்தோடு மேஜைக்கு வருகிறது. அதன் ருசியில் யாரும் குறை காண முடியாது. ஆனால் எடையைக் குறைப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டவர், அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மீனே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார். குற்றம் எண்ணெயினுடையது, தண்டனை மீனுக்கு!

கணக்கும் மீனின் பக்கமே பேசுகிறது. விரால் கொழுப்புக் குறைந்த மீன். 100 கிராம் சதையில் கிடைப்பது ஏறத்தாழ 100 கலோரிதான், அதிலும் பெரும்பகுதி புரதத்தினால் வருவது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயோ தனியாகவே 120 கலோரி தரும். புரதம் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 தருகிறது என்பதே இந்த வித்தியாசத்தின் ரகசியம்.

இவ்விஷயத்தில் புத்தி சொல்லும் பாத்தியதையும் இந்நகருக்கு உண்டு. இங்கே தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. தீட்டிய அரிசியையே நம்பியவர்களைச் சத்துக் குறைவால் வாட்டிய நோய் அது. குறைவை ஆராயப் பிறந்த அந்த ஸ்தாபனமே மிகுதிக்கும் மருந்து சொல்ல நேர்ந்திருப்பது காலத்தின் விசித்திரம். 2024-இல் அது வெளியிட்ட உணவு நெறிமுறைகள், வாரத்துக்கு அரைக் கிலோ எடை குறைவதே பத்திரமானது என்றும், இளைப்பதற்கான ஆகாரமும் நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கலாகாது என்றும் எச்சரிக்கின்றன. பட்டினி கிடப்பது பத்தியமாகாது என்பதே அதன் தாத்பரியம்.

ஆகவே விராலை எண்ணெயிலிருந்து மீட்டு அனலிடம் ஒப்படைப்போம். கல்லுப்பும் சாம்பலும் இட்டுத் தேய்த்து வழுவழுப்புப் போகக் கழுவிய பிறகு, துணியால் ஈரம் ஒற்றி எடுப்பது முக்கியம். நீர் தங்கிய மீன் சுடுபடாமல் ஆவியில் வெந்து துவண்டுவிடும். தலைக்கு 150 கிராம் துண்டு போதும். அதில் இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் கீறி, இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு கரண்டி கெட்டித்தயிர், அளவான உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்த விழுதைக் கீறல்களுக்குள்ளும் புகும்படி தடவி, அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். எண்ணெய் ஒரே ஒரு தேக்கரண்டி, அதுவும் மேலே பூசுவதற்கு மட்டும். 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் வைத்து, நடுவே ஒருமுறை புரட்டிவிட்டால், இருபது நிமிஷங்களில் விளிம்புகள் கருகிச் சிவந்து, கீறல்கள் வாய் திறந்து, கண்ணாடி போலிருந்த சதை பால்வெண்மை அடைந்து முள்ளை விட்டுக் கழன்று வரும். ஓவன் இல்லாத வீட்டில் வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் மூடி வைத்து, மந்தமான தீயில் இருபுறமும் வாட்டலாம். சிவப்பு சற்றுக் குறையும், மணம் கூடும்.

பக்கத்துணைக்குப் பிரியாணியைத் தேட வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் மாலை வேளைகளில் தெருவோரத்துக் கற்களில் தட்டிச் சுடும் சோள ரொட்டி, அவர்கள் பாஷையில் ஜொன்ன ரொட்டெ, சிறியதாக ஒன்று போதும். தட்டின் பாதியை வெள்ளரியும் தக்காளியும் வெங்காயமும் வேகவைத்த பீன்ஸும் நிரப்பட்டும். மீன், எண்ணெய், ரொட்டி, காய்கள் எல்லாம் கூட்டினாலும் 400 கலோரிக்குச் சற்று முன்பின்னாகவே நிற்கும், வயிறோ நிறைந்துவிடும்.

பத்தியத்தைக் குலைப்பது பசி மட்டுமன்று. ருசியில்லாத தட்டின் முன் தினந்தோறும் உட்காரும் சலிப்புந்தான். சுட்ட விராலின் முள்ளில் ஒட்டிய கடைசித் துணுக்கையும் விடாமல் உண்டு எழுந்தவரை, அடுத்த ஞாயிறன்று ராம்நகருக்குப் போகும்படி வேறு யாரும் உபதேசிக்க வேண்டியிராது.