வரப்பில் பறக்கும் வண்ணத்துப் பூச்சியும் வயலில் மறையும் பகையும்

புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லே முதன்மையான பயிராகும். பங்காரு வாய்க்காலின் வழியாகத் தென்பெண்ணையாற்று நீரைப் பெறும் பாகூர் ஏரியின் கீழும், ஊசுட்டேரியைச் சார்ந்த நிலங்களிலும், ஆழ்குழாய்க் கிணறுகளின் உதவியாலும், சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் விளைவிக்கப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் எங்கேனும் ஒரு வயலில் பயிர் நிற்பதால், நெல்லைத் தின்னும் பூச்சிகளுக்கும் உணவு குறைவதில்லை. ஆகையால் குடியானவர் ஒவ்வொருவரும் தம் வயலிற் காணும் பூச்சி யாது, அது பகையா, நட்பா, அன்றி இரண்டும் அல்லாத வழிப்போக்கனா என்று பிரித்தறிய வல்லவராயிருத்தல் இன்றியமையாததாகும்.

இவ்வறிவு இல்லாத இடத்தில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. நாற்று நட்டு மூன்று வாரம் சென்றதும் இலைகளிற் சில சுருண்டும் வெளுத்தும் தோன்றுகின்றன. பயிரின்மேல் சிறு பூச்சிகள் பறக்கின்றன. பக்கத்து வயற்காரர் மருந்து அடித்துவிட்டார் என்ற செய்தியும் வந்து சேருகிறது. உடனே குடியானவர் கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்து தெளித்துவிடுகிறார். எந்தப் பூச்சியைக் கொல்வதற்காகத் தெளித்தார் என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. இதில் மருந்துக்கும் ஆட்கூலிக்கும் ஆகும் செலவு ஒரு நஷ்டம். அதனினும் பெரியதொரு நஷ்டம் சில வாரங்கள் கழித்தே வெளிப்படுகிறது. அதன் காரணத்தை உணர வேண்டுமாயின் முதலில் பூச்சியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

வண்ணத்துப் பூச்சி கற்பிக்கும் பாடம்

பூச்சிகளைப் பற்றிக் கற்கத் தொடங்குவார்க்கு வண்ணத்துப் பூச்சியைக் காட்டிலும் எளிய பாடம் இல்லை. அது பகலிற் பறப்பது. கண்ணுக்கு நன்கு புலப்படுவது. வீட்டுக் கொல்லையிலேயே அதன் வாழ்க்கை முழுவதையும் கண்டுகொள்ளலாம். கொல்லையில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருக்குமாயின், அதன் இளந்தளிரில் எலுமிச்சை வண்ணத்துப் பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும். முட்டையினின்று வரும் புழு, தொடக்கத்திற் பறவையின் எச்சம் போலவே தோன்றும். இதனால் குருவிகள் அதனை உணவென்று கொள்ளாமல் விட்டுவிடுகின்றன. வளர்ந்தபின் அது இலையின் பச்சை நிறத்தை அடைந்துவிடும். அதனைத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து இரட்டைக் கொம்பு போன்றதோர் உறுப்பை நீட்டி ஒருவகை நாற்றத்தை வீசும். பிறகு கிளையில் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் சிறகுகளோடு வெளிவரும்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என்னும் இந்நான்கு நிலைகளில் இலையைத் தின்பது புழு ஒன்றே. சிறகு முளைத்தபின் அது மலர்த் தேனை உறிஞ்சுவதன்றி இலையைத் தீண்டுவதில்லை. புழுவையும் பூச்சியையும் வெவ்வேறு உயிர்களென்று எண்ணுவோர் இன்னும் பலர் உளர். இவ்விரண்டும் ஒன்றே என்று உணர்தல் பயிர்ப் பாதுகாப்பின் முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடம், வண்ணத்துப் பூச்சி கண்ட செடியிலெல்லாம் முட்டையிடுவதில்லை என்பதாம். ஒவ்வோர் இனத்துக்கும் உரிய செடி உண்டு. வெந்தய வரியன் எனப்படும் செம்மஞ்சள் நிறப் பூச்சி எருக்கஞ்செடியை நாடும். கரிய சிறகிற் சிவப்புப் புள்ளிகளும் சிவந்த உடலும் உடைய அழகிய பூச்சி ஆடுதின்னாப்பாளையை நாடும். கொன்றையையும் ஆவாரையையும் நாடுவன வெளிர்மஞ்சள் நிறத்தவை. வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் பகலிற் காணப்படும் இவற்றுள் ஒன்றேனும் நெல்லைத் தின்பதில்லை. நெல்லிலையைத் தின்னும் வண்ணத்துப் பூச்சி இனங்கள் மிகச் சிலவே. அந்தி வேளையிற் பறக்கும் பழுப்பு நிறப் பூச்சி ஒன்றின் புழு, தலையில் இரு கொம்புகளோடு காணப்படும். விட்டுவிட்டு விரைந்து தாவிப் பறக்கும் சிறு பூச்சியொன்றின் புழு, இலையை மடித்து அதனுள் இருந்து தின்னும். இவ்விரண்டாலும் மருந்தடிக்க வேண்டிய அளவுக்கு நஷ்டம் நேர்வது அரிது.

அந்துப் பூச்சியே கவனிக்கத் தக்கது

நெல்லுக்கு மெய்யான பகை, பகலில் மறைந்து இரவில் விளக்கை நாடிவரும் அந்துப் பூச்சிகளிடமே உள்ளது. வண்ணத்துப் பூச்சியின் உணர்கொம்பு நுனியிற் குமிழ் போலத் தடித்திருக்கும். அந்துப் பூச்சிக்கு அவ்வாறு இராது. வண்ணத்துப் பூச்சி அமரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்திக் கூப்பும். அந்துப் பூச்சியோ பெரும்பாலும் கூரை போலத் தாழ்த்தி மூடும்.

குருத்துப் பூச்சி எனவும் தண்டுத் துளைப்பான் எனவும் வழங்கும் பூச்சியின் தாய் வைக்கோல் போன்ற மஞ்சள் நிறமுடையது. முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி தெளிவாய்த் தெரியும். அது இலையின் நுனிக்கருகே முட்டைகளைக் குவியலாக இட்டு, பழுப்பு நிற மயிரால் மூடிவிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெளிவரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே புகுந்துகொள்ளும். இளம்பயிராயின் நடுக்குருத்து காய்ந்து, பிடித்திழுத்தால் எளிதிற் கையோடு வரும். கதிர் வாங்கிய பயிராயின் மணி பிடியாத வெண்கதிராய் நிற்கும். புழு தண்டினுள் புகுந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனைச் சென்றடைவது கடினம். ஆகவே காய்ந்த குருத்தைக் கண்டபின் ஓடுவதைவிட, தாய்ப் பூச்சியையும் முட்டைக் குவியலையும் முன்னரே கண்டறிதல் மேலானது.

இப்பூச்சியின் வாழ்க்கையை அறிந்தவருக்குச் செலவில்லாத வழிகள் பல தாமே தோன்றும். முட்டை இலை நுனியில் இருப்பதால், நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டைகளும் அதனோடு நீங்கும். புழு அறுவடைக்குப்பின் தாளடியிலேயே தங்குவதால், உடனே உழுது தாளை மடக்கிவிட வேண்டும். பூச்சி விளக்கை நாடுவதால், விளக்குப் பொறி வைத்து அதன் வருகையைத் தெரிந்துகொள்ளலாம். இவற்றோடு, குருத்துப் பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவியும் உண்டு. அதன் ஜப்பானிக்கம் என்னும் இனத்தை, நட்ட 30 ஆம் நாளும் 37 ஆம் நாளும் எக்டேருக்கு 5 சி.சி. வீதம் அட்டைகளாகக் கட்டிவிடுவது பரிந்துரைக்கப்பட்ட முறையாகும்.

மருந்தினால் வரும் பகை

வயலில் உள்ள பூச்சிகள் யாவும் பகையல்ல. தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, குளவிகள் ஆகியவையும், பூச்சியினத்தைச் சேராத சிலந்தியும் கூலியின்றி உழைக்கும் காவலர்களாவர். புகையான் என்னும் பூச்சி நெற்றூரின் அடியில் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரை வட்ட வட்டமாகத் தீய்ந்ததுபோல் ஆக்கிவிடும். சிலந்திகள் அதன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்கின்றன. பச்சை நிறமுள்ள ஒருவகை நாவாய்ப் பூச்சி அதன் முட்டைகளை உறிஞ்சி அழிக்கிறது.

முன்னே குறிப்பிட்ட பெரிய நஷ்டம் இங்கேதான் நேர்கிறது. சுருண்ட சில இலைகளுக்காக நட்ட முதல் மாதத்தில் மருந்து தெளிக்கும்போது, வெளியே திரியும் சிலந்தியும் குளவியும் மடிந்துபோகின்றன. புகையானின் முட்டைகளோ இலையுறையின் சதைக்குள் செருகப்பட்டிருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. சில நாள் சென்று அவை பொரிக்கும்போது, தின்பதற்குப் பயிர் உண்டு; தம்மைத் தின்பதற்கு ஒருவரும் இல்லை. மருந்தடித்த வயலிலேயே புகையான் மிகுவதன் காரணம் இதுவே. இளம்பயிரோ சில இலைகளை இழந்தாலும் புதிய இலைகளையும் தூர்களையும் விட்டுத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையது.

இவ்வுண்மையை ஒரு தேசமே விலை கொடுத்துக் கற்றது. இந்தோனேசியாவில் அரசாங்கம் மருந்துக்கு மானியம் அளித்து வந்த காலத்திற் புகையானால் நெல் விளைவு பெரிதும் கெட்டது. 1986 ஆம் ஆண்டு அந்நாட்டு அதிபரின் ஆணையால் நெல்லுக்கு 57 மருந்துகள் தடுக்கப்பட்டன. பின்னர் 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே நிறுவப்பட்டன. அப்பள்ளிகளிற் குடியானவர்கள் வாரந்தோறும் வயலில் இறங்கி, பூச்சிகளை எண்ணி, படம் வரைந்து, தாமே கலந்து முடிவு செய்யப் பழகினர். அம்முறையே பின்னர்ப் பல தேசங்களுக்குப் பரவியது.

பாலைவனம் புகட்டும் படிப்பினை

ஒருவர் தம் வயலைக் கவனிப்பது ஒரு பங்கு. ஊரும் நாடும் சேர்ந்து கவனிப்பது மற்றொரு பங்கு. இரண்டாவதன் அருமையைப் பாலைவன வெட்டுக்கிளியின் வரலாறு காட்டுகிறது. சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு கூட்டத்தில் நான்கு கோடிக்குக் குறையாத வெட்டுக்கிளிகள் இருக்கலாம். அவை ஒரே நாளில் 35,000 மக்கள் உண்ணும் அளவு உணவைத் தின்றுவிடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வெட்டுக்கிளி கூட்டமாகத் திரளாத காலத்தில் எங்கே இருக்கிறது என்பது நெடுநாள் புதிராயிருந்தது. தனித்து வாழும் வெட்டுக்கிளியும் கூட்டமாய்ப் பறக்கும் வெட்டுக்கிளியும் நிறத்தால் வேறுபட்டாலும் இனத்தால் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்னும் கொள்கையை உவராவ் என்பார் 1921 இல் வெளியிட்டார். 1930 இல் இந்தியாவில் தொடங்கிய வெட்டுக்கிளி ஆராய்ச்சியை ஏற்று நடத்தியவர், மதராஸ் விவசாய இலாகாவிற் பூச்சியியல் வல்லுநராயிருந்த ஒய். ராமச்சந்திர ராவ் ஆவார். பலுசிஸ்தானத்திலும் சிந்துவிலும் ராஜபுதனத்து மணற்பரப்பிலும் பல்லாண்டு நடந்த அவ்வாராய்ச்சியால், மழை பெய்த மணலில் இப்பூச்சி முட்டையிட்டுப் பெருகும் இடங்களும் காலங்களும் தெளிவாயின. 1939 இல் வெட்டுக்கிளி எச்சரிக்கை நிலையமும் அமைந்தது.

காவல் இல்லாத இடத்தில் விளைவது யாது என்பதையும் அண்மைக் காலம் காட்டிவிட்டது. 2018 இல் இரு புயல்கள் அரேபியாவின் மனித சஞ்சாரமற்ற பெரும்பாலையில் மழையைப் பொழிந்தன. அங்கே காண்பார் இன்றி வெட்டுக்கிளி தலைமுறை தலைமுறையாய்ப் பெருகியது. 2020 இல் அதன் வழிவந்த கூட்டங்கள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் அலைக்கழித்து, ராஜஸ்தானத்தையும் மத்தியப் பிரதேசத்தையும் மகாராஷ்டிரத்தையும் எட்டின.

அதே ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்து நேரலகிரியில் எருக்கஞ்செடிகளின்மேல் வெட்டுக்கிளிகள் திரண்டிருக்கக் கண்ட மக்கள், பாலைவனக் கூட்டம் வந்துவிட்டதென்று அஞ்சினர். ஆராய்ந்து பார்த்ததில் அவை எருக்கைத் தின்று வாழும் உள்ளூர் இனம் என்று தெரிந்தது. மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த கோடுகளையுடைய அவ்வெட்டுக்கிளியை எருக்கு வளரும் இடங்களில் எவரும் காணலாம். முன்னரே அதனை அறிந்திருந்தால் அச்சத்துக்கு இடமே இராது. அறியாமை ஓரிடத்தில் மெய்ப்பகையை வளர்த்தது; மற்றோரிடத்தில் இல்லாத பகையைக் காட்டியது.

செய்யத் தக்கவை

வாரத்துக்கு ஒருநாள் காலையில், வரப்பில் நின்று நோக்காமல் வயலுக்குள் இறங்கி, மூலைக்கு மூலை குறுக்காக நடந்து 20 குத்துகளைப் பார்வையிட வேண்டும். குத்தை விலக்கி அடித்தூரையும் காண வேண்டும். காய்ந்த குருத்து, முட்டைக் குவியல், சுருண்ட இலை, புகையான் ஆகியவற்றோடு சிலந்தியையும் பொறிவண்டையும் எண்ணி, தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். குருத்துப் பூச்சியைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல்களோ, இளம்பயிரில் நூற்றுக்குப் பத்துக் குருத்துகள் காய்தலோ கண்டாலன்றி மருந்தைக் கருத வேண்டுவதில்லை. அவ்வளவை எட்டினாலும் கடைக்காரரைக் கேட்பதற்கு முன், பூச்சியைச் சிறு கண்ணாடிக் குப்பியிலிட்டு அருகிலுள்ள உழவர் உதவியகத்துக்கோ, குருமாம்பேட் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துச் சென்று காட்டுதல் நலம்.

கிராம அதிகாரிகளும் இதில் உதவலாம். ஓர் ஊரில் வெண்கதிரோ புகையானோ தோன்றியதென்று கேள்வியுற்றால், எந்த வயல், எந்தப் பட்டம், என்ன பூச்சி என்று விசாரித்துக் காலதாமதமின்றித் தெரிவித்தால் அடுத்த ஊர்கள் எச்சரிக்கையடையும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எலுமிச்சைப் புழுவையும் எருக்கிலைப் புழுவையும் அவற்றின் இலைகளோடு காற்றுப் புகும் குப்பியில் வளர்த்துப் பார்க்கச் செய்வதும் சிறந்தது. புழு பூச்சியாய் மாறுவதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, நாளை நிலத்தின் பொறுப்பை ஏற்கும்போது அதனை மறவாது.

மருந்துப் புட்டியைத் திறக்குமுன், வயலில் இறங்கி ஒரு நாழிகை நேரம் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு நாழிகையே பல சமயங்களில் மருந்தின் விலையையும், சிலந்தி முதலிய காவலர்களையும், கதிரையும் காத்துக் கொடுக்கும் என்பதைக் குடியானவர்கள் மனத்திற் கொள்வார்களாக.