வரலாற்றுக் குற்ற நிகழ்விடங்களுக்கான வழிகாட்டி நடைப்பயணம்: தேர்ந்தெடுக்கும் முறை (தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து)

வரலாற்றில் பதிவான ஒரு குற்றம் நிகழ்ந்த இடத்தையும், அதன் விசாரணையோடும் தீர்ப்போடும் தொடர்புடைய இடங்களையும் ஒரு வழிகாட்டியின் விளக்கத்தோடு நடந்து பார்ப்பது குற்ற நிகழ்விட நடைப்பயணம் எனப்படும். கொலைக்களம், சிறைச்சாலை, பேரழிவு நிகழ்ந்த ஊர் முதலியவற்றைப் பார்க்கச் செல்வதைச் சுற்றுலாத் துறை ஆய்வாளர்கள் 'இருள் சுற்றுலா' என்ற பெயரால் குறிக்கின்றனர். லென்னன், ஃபோலி என்னும் இரு ஆய்வாளர்கள் 1996இல் இச்சொல்லை ஆய்வுலகில் நிலைபெறச் செய்தனர். அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக், அந்தமானின் செல்லுலார் சிறை ஆகியவற்றுக்குச் செல்லும் பள்ளிச் சுற்றுலாக்களும் ஒருவகையில் இதில் அடங்கும்.

இத்தகைய பயணம் நல்ல வரலாற்றுப் பாடமாக அமையலாம். பிறர் துயரை வேடிக்கை பார்ப்பதாகவும் முடியலாம். எந்தப் பயணத்தை, யாருடைய வழிகாட்டலில் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் அண்மைக் கால நிகழ்வுகள் பல நடந்துள்ளன. அவற்றால் பாதிக்கப்பட்டோர் பலர் இன்றும் அதே ஊர்களில் வாழ்கின்றனர். எனவே இம்மாவட்டத்துக்கு வருவோர் கூடுதல் கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தின் நிகழ்விடங்கள்

1. வாச்சாத்தி: அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் இவ்வூருக்குள் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். ஊரார் பலர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு விசாரணையின்போது, 2023 மார்ச்சில், உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் நேரில் ஊருக்கு வந்து பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டார்.

2. இலக்கியம்பட்டி: தருமபுரி நகரை ஒட்டியது. 2000 பிப்ரவரி 2 அன்று, அரசியல் தலைவர் ஒருவருக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து நடந்த மறியலின்போது, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் சுற்றுலா வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது. மாணவியர் மூவர் உயிரிழந்தனர். மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனையை 2010இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2016இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

3. பாப்பாரப்பட்டி: 2004 அக்டோபர் 18 இரவு, சந்தனக் கட்டை, யானைத் தந்தக் கடத்தலுக்காகத் தேடப்பட்ட வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் சிறப்பு அதிரடிப் படையால் இவ்வூருக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்ததும் இதே ஊரில்தான். அவருடைய நினைவிடமும் இங்கு உள்ளது.

4. நத்தம் காலனி: 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. காதல் திருமணம் ஒன்றை ஒட்டி எழுந்த சாதிப் பகைமை இதற்குக் காரணம்.

தூரமும் நடையும்

'ஒரே நாளில் எல்லா இடங்களும் நடைப்பயணமாக' என்ற அறிவிப்பைக் கண்டால் வரைபடத்தைப் பாருங்கள். பாப்பாரப்பட்டி தருமபுரிக்கு வடமேற்கே உள்ளது. அரூர் கிழக்கே உள்ளது. இவற்றை ஒரே நாளில் நடந்து இணைக்க இயலாது. வண்டியில் போய் இறங்கி, ஐந்து நிமிடம் நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை நடைப்பயணம் என்று சொல்ல முடியாது. ஒரு நாளுக்கு ஓர் ஊர், ஒரு நிகழ்வு என்று திட்டமிட்ட பயணமே பயனுள்ளது. கோடையில் இம்மாவட்டத்தில் வெயில் கடுமை. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கும் பயணம் நல்லது. சித்தேரி மலைப் பகுதியில் காப்புக்காடுகள் உள்ளன. அவற்றுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே காட்டும்படி அமைப்பாளரிடம் கேட்கலாம்.

வழிகாட்டியின் அறிவைச் சோதித்தல்

பணம் கட்டுவதற்கு முன்பே வழிகாட்டியிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்பது தவறாகாது. வாச்சாத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம். 269, 215, 17 என்ற மூன்று எண்கள் இவ்வழக்கில் அடிக்கடி வரும். இவற்றின் வேறுபாடு என்ன என்று கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். தீர்ப்புக்கு முன்பே அவர்களில் 54 பேர் இறந்துவிட்டதால் தண்டனை பெற்றோர் 215 பேர். அவர்களில் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டோர் 17 பேர். மற்றவர்கள் பிற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். இதைச் சொல்லத் தெரிந்தவர் வழக்கைப் படித்தவர் என்று நம்பலாம்.

வீரப்பனைப் பற்றிச் சொல்பவரிடம், பிறந்த ஊர், கொல்லப்பட்ட இடம், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிறந்தது கர்நாடகத்தின் கோபிநத்தம். கொல்லப்பட்டது பாப்பாரப்பட்டி அருகே. அடக்கம் செய்யப்பட்டது சேலம் மாவட்டம் மேட்டூர் அருகே உள்ள மூலக்காட்டில். இவற்றைக் குழப்புபவர் சொல்லும் மற்றக் கதைகளையும் ஐயத்தோடுதான் கேட்க வேண்டும்.

தீர்ப்பின் கடைசிக் கட்டம் வரை சொல்கிறாரா என்பதும் முக்கியம். சென்னையில் 1944 நவம்பரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் இதில் தண்டிக்கப்பட்டனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கிருந்து மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947இல் இருவரும் விடுதலையாயினர். முதல் தீர்ப்போடு கதையை நிறுத்தும் வழிகாட்டி, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளியாகவே விட்டுச் செல்கிறார்.

கதையின் நடுவில் யார்?

இலண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 1888இல் நடந்த கொலைகளை ஒட்டி 'ஜாக் த ரிப்பர்' நடைப்பயணங்கள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. கொலையாளி யார் என்ற புதிரே அவற்றின் கவர்ச்சி. கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் வாழ்க்கை அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 2019இல் வரலாற்றாசிரியர் ஹேலி ரூபன்ஹோல்ட் அந்த ஐவரின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். அதே பகுதியில் 2015இல் திறக்கப்பட்ட ஓர் அருங்காட்சியகம், பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் கொலையாளியின் பெயரில் திறக்கப்பட்டதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

நம் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. வீரப்பனின் மீசையும் காட்டு வாழ்க்கையும் மட்டுமே கதையானால், 1991 நவம்பரில் அவரால் கொல்லப்பட்ட வன அலுவலர் பி. ஸ்ரீநிவாஸ் மறைந்து போகிறார். கோபிநத்தம் மக்களிடையே தங்கிப் பணியாற்றிய அவருக்கு இறப்புக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. அதேபோல், தேடுதல் வேட்டையின் பெயரால் மலைவாழ் மக்கள் பட்ட துன்பமும் மறைந்து போகிறது. அம்முறையீடுகளை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. இருவகைத் துன்பங்களையும் சொல்லும் வழிகாட்டியே நடுநிலையானவர்.

இதில் தருமபுரி மண்ணுக்கே ஒரு பழைய மரபு உண்டு. இம்மாவட்டத்திலும் அண்டைப் பகுதியான செங்கத்திலும் நடுகற்கள் மிகுதி. ஆநிரை கவர்தலும் மீட்டலுமாகிய சண்டைகளில் இறந்த வீரர்களுக்கு அவை எடுக்கப்பட்டன. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், இறந்தவன் பெயர் ஆகியவற்றை அவற்றில் பொறித்தார்கள். இறந்தவனின் பெயருக்கே கல்லில் முதன்மை இடம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்களைக் காணலாம். எந்தப் பயணமும் இங்கிருந்து தொடங்குவது பொருத்தம்.

உயிரோடு இருப்போரின் உரிமை

லட்சுமிகாந்தன் கொலைக்கும் வாச்சாத்திக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் தொடர்புடையோர் இன்று இல்லை. வாச்சாத்தியில் பாதிக்கப்பட்ட பெண்கள் அவ்வூரிலேயே வாழ்கின்றனர். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்கீழ் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 'இதுதான் அந்த அம்மாவின் வீடு' என்று வழிகாட்டி கைகாட்டுவதும், அதைப் படமெடுத்து நாம் இணையத்தில் போடுவதும் சிக்கலில் முடியும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தன் வீட்டு வாசலில் கோலம் போடும் ஒருவரை அந்நியர் கூட்டம் நின்று பார்ப்பது என்ன நாகரிகம்?

எனவே, இத்தகைய ஊருக்குச் செல்லும் பயணம் என்றால் ஊராரே அழைத்ததா, ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் அப்பயணத்தைத் தவிர்ப்பதே சரி. வழக்கைப் பற்றிப் படிக்கலாம். தீர்ப்பு சொல்லப்பட்ட தருமபுரி நகரில் நின்று அதைப் பேசலாம். ஊருக்குள் போயே தீரவேண்டும் என்பதில்லை. நாகை மாவட்டம் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அங்கு நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் அஞ்சலி செலுத்துகின்றனர். மக்களே நினைவுகூர இடமும் நாளும் வகுத்துள்ள இடத்துக்குச் செல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. வழிகாட்டி எந்த ஆவணங்களைப் படித்துள்ளார்? தீர்ப்பையா, திரைப்படத்தையா?
2. கொல்லப்பட்டோர், பாதிக்கப்பட்டோர் பற்றி எவ்வளவு நேரம் பேசுவார்?
3. குழுவில் எத்தனை பேர்? சிற்றூர்த் தெருவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டம்தான்.
4. கட்டணத்தில் உள்ளூர் மக்களுக்கு ஏதேனும் பங்கு உண்டா?
5. படம் எடுப்பதற்கு விதிமுறை உண்டா?
6. சாதிப் பெயர் சொல்லி ஒரு சாராரைத் தூற்றும் பேச்சு வருகிறதா? நத்தம் காலனி போன்ற நிகழ்வுகளை விளக்கும்போது இது மிக முக்கியம். நடந்த கொடுமையை மழுப்பாமலும் புதிய பகையை மூட்டாமலும் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.
7. மாணவர்கள் வருகிறார்கள் என்றால், அவர்கள் வயதுக்கேற்ப விளக்கம் மாற்றப்படுமா?

மாணவர்களுக்கு

பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதலைப் பெறுவது நல்லது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு நடுகற்களும் சுப்பிரமணிய சிவா நினைவிடமும் போதும். குற்றப் புலனாய்வில் ஆர்வம் உள்ளோருக்குச் சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். உயர்கல்வி மாணவர்கள் பயணத்துக்கு முன் வழக்கின் காலவரிசையைத் தாங்களே தயாரிக்க வேண்டும். வாச்சாத்தியில் குற்றம் நடந்த நாளுக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு மேலும் 12 ஆண்டுகள். இந்தக் காலக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர், அந்த 31 ஆண்டுகளும் ஊர் மக்கள் எப்படி வழக்கை விடாமல் நடத்தினார்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்தால் பயணம் வீணாகாது.