களியை விட்டதும் களைப்பு ஏன்?

தருமபுரி மாவட்டத்து இல்லங்களில் தலைமுறைகளைத் தாங்கிய உணவு கேழ்வரகுக் களி. இன்றோ நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் அஞ்சி, களியையும் சோற்றையும் ஒருசேர விலக்கி, முட்டை, இறைச்சி, நெய் என உண்ணும் 'கீட்டோ' முறையை நம்மவர் சிலர் மேற்கொள்கின்றனர். சில நாட்களிலேயே சோர்வு, தலைவலி, தலைச்சுற்றல்! காரணம் என்ன?

மாவுச்சத்துக் குறைந்ததும் உடலில் சேமித்திருந்த சர்க்கரை தீர்கிறது. கொழுப்பை எரித்து வலிமை பெற உடல் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். இன்சுலின் குறைவதால் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றுகின்றன. எனவே போதிய நீர் பருகுதலும், உப்பை அறவே ஒதுக்காமையும், தொடக்கத்தில் கடும் உழைப்பைக் குறைத்தலும் நலம். இரத்தக் கொதிப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் உப்பைக் கூட்டலாகாது.

ஆயினும் எல்லாச் சோர்வும் இத்தகையதன்று. இன்சுலினையோ சில நீரிழிவு மாத்திரைகளையோ பழைய அளவிலேயே தொடர்ந்து, உணவை மட்டும் மாற்றினால், இரத்தச் சர்க்கரை உயிருக்கே ஆபத்தாகத் தாழ்ந்துவிடக்கூடும். 1921-இல் அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் இம்முறையை வலிப்பு நோயாளருக்கென்றே முன்மொழிந்தார். அது மருத்துவர் கண்காணிப்பில் அளிக்கப்படும் சிகிச்சை என்பதை மறவாதிருப்போம்.

களியின் அளவைக் குறைத்து, கீரையும் பயறும் கூட்டுவதும் ஒரு வழியே. ஒறுத்தல் நன்று, ஆனால் இறைவன் தந்த உடலை வருத்தி வீழ்த்துவது ஒறுத்தலாகாது. மருத்துவரை முதலில் கேட்போம்; உணவைப் பிறகு மாற்றுவோம்.