பிறைற்றன் கடற்கரையும் குன்றின்மேல் ஒரு வெண்குடையும்

கோடை காலத்தில் இங்கிலாந்து செல்லும் நம்மவருள் அநேகர் இலண்டன் மாநகரைக் கண்டதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து புகையிரதத்தில் தெற்கு நோக்கிச் சுமார் ஒரு மணி நேரம் பிரயாணஞ் செய்தால் பிறைற்றன் என்னும் புராதன உல்லாச நகரை அடையலாம். யூன் மாதத்தில் இரவு ஒன்பது மணியிலும் அங்கே சூரியன் மறைவதில்லை.

வெண்மணலை எண்ணிச் செல்வோர் சிறிது ஏமாற்றமடைவர். கண்ணுக்கெட்டிய தூரம் கரையெங்கும் கூழாங்கற்களே. ஓகஸ்ட் மாதத்திலும் கடல்நீர் நம் உடம்புக்குக் குளிராகவே இருக்கும். ஆயினும், இக்குளிர்ந்த நீரே மீன்பிடி ஊரொன்றைப் பெருநகராக்கியது.

1750ஆம் ஆண்டில் றிச்சாட் றசல் என்னும் வைத்தியர், கடல்நீரில் ஆடுவதும் அதனைப் பருகுவதும் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் பயனாகச் செல்வர்கள் பிறைற்றனிலே திரண்டனர். சில்லுப் பூட்டிய மர அறைகளிலே கடலுக்குள் கொண்டுசெல்லப்பட்ட சீமாட்டிகளை நீரில் அமிழ்த்தியெடுப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களும் இருந்தனர். அவர்களுள் மார்த்தா கன் என்பாள் பெரும் புகழ் ஈட்டினாள்.

1783இல் இங்கு வந்த இளவரசரே பின்னர் நாலாம் ஜோர்ஜ் மன்னரானார். அவருக்காக ஜோன் நாஷ் என்னும் சிற்பி 1815 முதல் 1822 வரை அமைத்த மாளிகை, வெளியே இந்தியக் குவிமாடங்களும் உள்ளே சீன அலங்காரமுமாகக் காண்போரை மயக்குகின்றது. மன்னரோ சிற்பியோ இந்தியாவைக் கண்டவரல்லர்! விக்டோரியா மகாராணி காலத்தில், 1850இல், நகரமே அம்மாளிகையை விலைக்கு வாங்கிற்று. 1841இல் புகையிரதம் வந்தமையால், செல்வர் கண்ட கடலைத் தொழிலாளர் குடும்பங்களும் கண்டன. 1883இல் தொடங்கிய சிறு மின்சாரப் புகையிரதம் இன்றும் கோடையில் கரையோரமாக ஓடுகின்றது. குழந்தைகளுக்கு அது பேரானந்தம்.

ஆனால், அம்மாளிகையின் சரித்திரத்தில் மனத்தை உருக்கும் பகுதி வேறொன்று. முதலாம் உலகப் போரிலே பிரான்சின் போர்க்களங்களிற் காயமுற்ற இந்திய வீரர்களுக்காக 1914ஆம் ஆண்டின் இறுதியில் அது வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. மாளிகையிலும் அயற் கட்டிடத்திலும் 700க்கு மேற்பட்ட படுக்கைகள் இடப்பட்டன. அவரவர் மத ஆசாரத்திற்கேற்ப உணவு சமைக்க ஒன்பது சமையற்கூடங்கள் அமைந்தன. கற்பனை இந்தியாவாக எழுந்த மாளிகையிலே மெய்யான இந்தியாவின் மைந்தர் படுத்துக் கிடந்தனர்.

நகரின் வைத்தியசாலைகளிலே உயிர் நீத்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரின் உடல்கள் நகருக்கு வடக்கேயுள்ள குன்றின்மேல் தகனஞ் செய்யப்பட்டன. அவ்விடத்தில் 1921இல் எட்டுத் தூண்களும் குவிமாடமுங் கொண்ட வெண்பளிங்கு மண்டபமொன்று திறந்து வைக்கப்பட்டது. அதன் பெயர் சத்திரி. குடை என்பது பொருள். தகனஞ் செய்யப்பட்டோரின் பெயர்கள் 2010இலேதான் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டன. ஆண்டுதோறும் யூன் மாதத்தில் அங்கு அஞ்சலி செலுத்துகின்றனர்.

மண்டபம் வரை வாகனம் செல்லாது. புல்வெளியினூடே நடந்தே ஏறவேண்டும். பிறைற்றன் செல்வோர் கடலுக்கும் களியாட்டத்துக்கும் ஒரு பகலை ஒதுக்கட்டும். மறுநாட் காலையிலே பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அக்குன்றில் ஏறட்டும். வீடு திரும்பாத அந்த 53 பேரின் பெயர்களை ஒரு முறையேனும் வாய்விட்டு வாசிக்கட்டும்.