பிணைமானும் அதன் கன்றும்

மானினத்தில் ஆணைக் கலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் தமிழர் வழங்குவர். கூடற் பருவத்திற் காண்போர் கண்ணைக் கவர்வன கலைமானின் கிளைத்த கொம்பும் அதன் போருமே. ஆயினும் அப்பருவத்தின் பெருஞ் சுமையைத் தாங்குவது கொம்பில்லாத பிணையேயாகும். காலடியில் நிற்கும் கன்றுக்கும் இனிப் பிறக்கவிருக்கும் கன்றுக்கும் அது தன் உடல் வலிமையைப் பங்கிட வேண்டியிருக்கின்றது.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்னும் தீவு உளது. அங்கு வாழும் செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளங் கண்டு, 1972ஆம் ஆண்டு தொடக்கம் ஆய்வாளர் அவதானித்து வருகின்றனர். பிணைமானின் வாழ்க்கை பற்றிய பல உண்மைகள் அவ்வாராய்ச்சியாற் புலனாயின.

செம்மான் பெரும்பாலும் யூன் மாதத்தை அண்டி ஒரு கன்றை மட்டும் ஈனும். முதற் சில நாட்கள் கன்று புல்லிடையே அசையாது படுத்திருக்கும். தாய் சற்றுத் தொலைவில் மேய்ந்து, இடையிடையே வந்து பாலூட்டிச் செல்லும். பின்னர் கன்று தாயைத் தொடர்ந்து மந்தையிற் சேரும்.

செப்டெம்பர் இறுதியிற் கலைமான்களின் முழக்கம் மலைச்சாரலெங்கும் எழும். வலிய கலை, பிணைகளை ஒன்றுதிரட்டிக் காவல் புரியும். கன்றைப் பேணுதலில் அதற்குப் பங்கு யாதுமில்லை. துரத்தலுக்கும் ஆரவாரத்துக்கும் நடுவே அவ்வாண்டுக் கன்று தாயுடனேயே இருந்து பாலருந்தும். முன்னைய ஆண்டிற் பிறந்த ஆண் கன்றையோ, காவற்கலை பெரும்பாலும் விரட்டிவிடும்.

பாலூட்டும் பிணைக்கு உடலிற் கொழுப்புக் குறைவு. ஆதலின், உணவு அரிதான இடங்களில், கன்றை வளர்த்த பிணை அவ்வாண்டிற் கருவுறாது போதலும் உண்டு. கருவுறாத தாய் குளிர்காலம் முழுவதும் பழைய கன்றுக்குப் பால் கொடுக்கும். கருவுற்றதோ முன்னரே பாலை மறக்கச் செய்யும். இது தாயன்பின் குறைவன்று. ஒருடலில் இரு கடமைகளின் நெருக்கடியாகும்.

பால் மறந்தபின்னும் உறவு அறுவதில்லை. பெண் கன்றுகள் வளர்ந்த பின்னரும் தாயின் மேய்ச்சல் நிலத்தை அண்டியே வாழ்கின்றன. ஆண் கன்றுகள் இரண்டு, மூன்று வயதளவிற் பிரிந்து செல்கின்றன. தாயை இழந்த இளங்கன்று பிழைப்பது அரிது என்பதையும் ரம் தீவின் குறிப்புகள் காட்டுகின்றன.

இவ்வுண்மை வேட்டை விதிகளுக்கும் பொருந்தும். ஸ்கொத்லாந்திற் செம்மான் பிணைகளைச் சுடுதற்குரிய காலம் ஒக்டோபர் 21 முதல் பெப்ருவரி 15 வரையேயாகும். கன்று முற்றிலும் தாயை நம்பியிருக்கும் கோடை மாதங்களிற் பிணைக்குப் பாதுகாப்புண்டு. அக்காலத்தில் ஒரு பிணை வீழ்ந்தால், புல்லிடையே மறைந்து காத்திருக்கும் கன்றும் அதனுடன் மடியும்.

கலையின் முழக்கம் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். பிணையின் பணியோ ஆண்டு முழுவதும் ஓசையின்றி நிகழ்வது. மந்தை நிலைப்பதும் அதனாலேயே.